எழுநூற்று இருபதிலேயே வை

என் வீட்டுக்காரரை ஓர் இடத்தில் உட்காரவைப்பது ஆண்டவராலேயே ஆகாத காரியம். இருபத்தாறு வருஷமாகக் கத்திப் பார்த்துவிட்டேன், என் தொண்டை போனதுதான் மிச்சம். இதோ, காலை ஆறரை மணி. ஏழரைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. அடுப்பில் உப்புமா அடிப்பிடிக்கிறது. மனிதர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருக்கதவிலிருந்து பின்பக்கத் துவைக்கிற கல் வரைக்கும், அங்கிருந்து மறுபடி தெருக்கதவு வரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.

"பெரிய நம்பரா இருக்குதுன்னு ஆயிரத்து எம்பதுல போய் வுழாத பாபு. உங்க டிவி மேல இன்னா ஒட்டியிருக்குது? எச்டி ரெடியா? அப்ப எழுநூத்தி இருவதுலயே வை. நான் சொல்றேன், கீழ மூணு தபா அமுக்கு. இப்ப வலது பக்கம் ஒரு தபா."

திருப்பதியில் யார் வீட்டிலோ கேம் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். டிவியில் மாட்டினால் எந்த ரெசொல்யூஷனில் வைப்பது என்று தெரியவில்லையாம். இவரைக் கேட்கிறார்கள். ஒரு பைசா வாங்காமல் இவர் சொல்கிறார். சொல்லிக்கொண்டே போய் வாசலில் கிடந்த என் செருப்பில் இடறுகிறார். செருப்பு கிடப்பது அவருக்குத் தெரியாது. இடது கண் அடியோடு போய்விட்டது. வலது கண்ணில் எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் எந்தப் பட்டனை எத்தனை முறை அமுக்கினால் எங்கே போகும் என்பது மட்டும் தலைக்குள் அப்படியே இருக்கிறது.

தனராஜ் என்றால் சித்தூர் மிஷன் காம்பவுண்டைச் சுற்றி எல்லாருக்கும் தெரியும். அவருடைய நைனா மிஷன் ஸ்கூலில் மணி அடித்தவர். பையனை வாத்தியார் ஆக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். பையன் வகுப்பில் உட்கார்ந்தால்தானே! பத்தாவதோடு வெளியே வந்து ரேடியோ கடையில் சேர்ந்தார். டிவி வந்த காலத்தில் ஊரில் இருக்கிற கூரை எல்லாம் இவர் காலடிதான். மெட்ராஸ் ஸ்டேஷன் படம் தெரியவேண்டும் என்று இருபதடிக் குழாய் நட்டு ஆண்டெனாவைத் திருப்புவார். எனக்கு முதலில் இவர் பழக்கமானதே எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான். ‘வந்துட்சா? போய்ட்சா?’ என்று மேலே இருந்து கத்தினார். கீழே டிவி முன்னால் நின்று பதில் சொன்னது நான். கல்யாணத்துக்கு எங்கள் அப்பா சம்மதித்ததே படம் தெளிவாக வந்த சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில் கேபிள் வந்தது. கம்பம் கம்பமாக ஏறினார். மூன்று வருஷத்தில் அது சலித்தது. கலர் டிவி ரிப்பேர் கடை வைத்தார். சைனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் புது டிவி மலிவாக வந்து இறங்க, பழையதை யார் ரிப்பேர் செய்வார்கள்? கடையை மூடினார். வீட்டில் இருந்த நாலு மாதம் எங்கள் வீட்டுச் சுவரில் அவர் கழற்றி மாட்டாத சுவிட்ச் பாக்கி இல்லை. கடைசியில் திருப்பதியில் பெரிய ஷோரூம் ஒன்றில் டெமோ வேலை கிடைத்தது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் டிவியைச் சுவரில் மாட்டி, நிறம், வெளிச்சம், கூர்மை எல்லாம் சரிசெய்து காட்டிவிட்டு வருவது. தினமும் காலை ஆறு மணி பஸ், இரவு திரும்புகிற பஸ். திருப்பதிக்கே குடிபோகலாம் என்றேன். ‘பஸ்ல போய்க்கினு இருந்தாதான் எனக்கு நல்லா இருக்குது’ என்றார். அந்த ஓட்டம்தான் அவருக்குச் சோறு, அந்த ஓட்டம்தான் மருந்து.

நான் சொல்லப்போவது 2011-ஆம் வருஷத்துக் கதை. அந்த வருஷம் பத்து மாதமாக, படம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலைக்கு, கண் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தார். கடை முதலாளிக்குத் தெரியாது, வீடு வீடாக டிவி வாங்கியவர்களுக்குத் தெரியாது. இருபத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்த எனக்கும், சே, எனக்கும் தெரியாது. ஒரு வார்டில் நாற்பது பேருக்குச் சுகர் பார்த்து எழுதுகிறவள் நான்.

அறிகுறி இல்லாமல் இல்லை. எங்கள் சர்ச்சில் காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, அது முடிந்து தெலுங்கு. தமிழ் ஆராதனையில் வேத பாடம் வாசிப்பது பல வருஷமாக இவர்தான். நல்ல குரல். அந்த ஜனவரியில் திடீரென்று, ‘சின்னவங்க படிக்கட்டும்’ என்று ஒதுங்கிவிட்டார். எனக்கு மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிற்று. டிசம்பரில் சர்ச்சை நிர்வாகம் செய்கிற பாஸ்டரேட் கமிட்டி எலெக்‌ஷனில் இவர் பன்னிரண்டு ஓட்டில் தோற்றிருந்தார். செயலாளர் ஜெயச்சந்திரன்தான் வேலை செய்து தோற்கடித்தார் என்று ஊரே பேசியது. ஓஹோ, அந்தக் கோபத்தில் மனிதர் பாடம் வாசிக்கமாட்டேன் என்கிறார், இல்லை, ஜெயச்சந்திரனே வாசிக்கவிடாமல் செய்துவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

விட்டேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நிற்கும்போது ஜெயச்சந்திரனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார், எலெக்‌ஷன்ல ஜெயிச்சா பைபிளும் உங்க சொத்தா?" என்று கேட்டேன். பாவம், அந்த மனிதர் விழித்தார். "இன்னாக்கா பேசறீங்க, நான்தான் தனராஜ் அண்ணனைப் படிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கினு இருக்கேன்" என்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன். சர்ச் ஐயரே வந்து சமாதானம் செய்யும்படி ஆயிற்று. இவர் மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தார். "வுட்ரு யூனிஸு, வுட்ரு" என்றார். கண்ணைப் பற்றி அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை.

ஸ்கூட்டரைத் தொடுவதை நிறுத்தினார். பெட்ரோல் விலை ஏறிப்போச்சு என்றார். இந்த வயதிலாவது சிக்கனம் வந்ததே என்று மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மகள் ஈவ்லினிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். பரபரப்பு, எப்போதும் பரபரப்பு என்று திட்டினேன். சுகர் மாத்திரை துன்னீங்களா என்றால் துன்னேன் என்பார். நம்பினேன். ஷோரூம் முதலாளி புருஷோத்தமன் ஒருமுறை வழியில் பார்த்து, "அக்கா, மத்த பசங்க தானே கலர் வெச்சுட்டு வந்துடுவாங்க. அண்ணன் மட்டும் வீட்டுக்காரங்களை நிக்க வெச்சு, ‘உங்களுக்கு எப்படி இருந்தா நல்லாருக்குது சொல்லுங்க’ன்னு கேட்டுக் கேட்டு வைக்கறாரு. கஸ்டமருங்க அண்ணனைத்தான் அனுப்புன்றாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. திருப்பதியில் என் சித்தி மகளுடைய பெண்ணுக்கு நிச்சயம். லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டி, இவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் சந்திரகிரி தாண்டவில்லை, முதலாளியிடமிருந்து போன். அலிபிரி பக்கம் ஒரு வீட்டில் புது டிவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி ரகளையாம். பையன் அமெரிக்காவிலிருந்து கேம் பெட்டி கொண்டுவந்திருக்கிறான். அதில் விளையாடினால் டிவி மக்கர் பண்ணுகிறது என்கிறான். நாற்பது இஞ்சு டிவி. ‘அண்ணா, நீங்க ஒரு தபா போய்ப் பாருங்க, உங்களால ஆகலைன்னா எடுத்துக்கினு வந்துட வேண்டியதுதான்’ என்றார் முதலாளி.

"பத்து நிமிஷம் யூனிஸு. பாத்துட்டு நிச்சயத்துக்குப் போய்டலாம்" என்றார் இவர். இவருடைய பத்து நிமிஷம் எனக்குத் தெரியாததா! வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினேன்.

வீடு புது வீடு. செங்கம்மா என்கிற அந்த அம்மாள் கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல் கரும்பு வெட்டப் போனவர்களாம். மகன் பவன்குமார் படித்து அமெரிக்கா போய் அலிபிரியில் மாடி வீடு கட்டியிருக்கிறான். எல்லாம் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மாளே சொல்லிவிட்டார், நான் நர்ஸ் என்பதையும் கேட்டுக்கொண்டார். சோபாவில் உட்காரப் பழக்கமில்லாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"பையன் வந்து இருவது நாள் ஆச்சு சிஸ்டரம்மா. டிவி சரியில்லைன்னு ஃப்ரெண்டு வீட்டுக்கே போய் விளையாடிக்கினு இருக்கறான். சோறு துன்றதுகூட அங்கதான். நாளன்னிக்கு ஃப்ளைட்டு. இது சரியாச்சுன்னா ரெண்டு நாளாவது வீட்ல இருப்பான்" என்றார். எனக்கு நிச்சயத்துக்கு நேரம் ஆகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

பவன்குமார் மரியாதையான பையன்தான். "அங்கிள், பட்டன் அமுக்கறேன், பேட் லேட்டா சுத்துது. பந்து போயே போய்டுது. பெட்டி புதுசு, டிவிதான் ஃபால்ட்டு" என்றான்.

"எதுல வெச்சிருக்கறே?" என்று இவர் கேட்டார்.

"இருக்கறதுலயே பெருசு, தௌசண்ட் எய்ட்டி."

"அங்கதான் கோளாறு" என்றார் இவர், டிவி பக்கம்கூடத் திரும்பாமல். அவன் பதில் சொல்வதற்குள் அவனுக்கு அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. ஆபீஸ் விஷயம், இதோ வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

இவர் கேம் பெட்டியின் ரிமோட்டைக் கையில் வாங்கினார். டிவிக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு அமுக்க ஆரம்பித்தார். அமுக்கும்போது டிக் டிக் என்று டிவியிலிருந்து சத்தம் வரும். வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார். வேலை செய்யும்போது இவரை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. எண்ணுகிற வழக்கம் எப்போது வந்தது என்று யோசித்தேன். கடைசியாக ஒருமுறை அமுக்கினார், திரை ஒரு கணம் கறுத்துத் திரும்ப வந்தது. "முடிஞ்சுது" என்று செங்கம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் திரை மறுபடி கறுத்து, மறுபடி வந்தது. இவர் பட்டனை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது. அமுக்கினால் டிக் சத்தம் ஒரு கணம் தாமதித்துத்தான் வருகிறது, முன்னே மாதிரியே. மறுபடி ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கறுத்து வந்தது. "இப்ப சரியா வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கறுத்தது, பழையபடி தாமதம். மூன்றாவது முறை. நாலாவது முறை. அறைக்குள் நாலடி நடந்தார், திரும்பினார், பெட்டியின் பின்னால் கையை விட்டு ஒயரை இறுக்கினார், மறுபடி நடந்தார். ஃபேன் ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது முறையும் எண்ணினார். நான் மணியைப் பார்த்தேன். நிச்சயத்தில் இந்நேரம் ஜெபம் முடிந்து தட்டு மாற்றியிருப்பார்கள்.

எனக்கு டிவியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஆனால் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் திரையின் நடுவில் ஒரு கட்டம் வருகிறது. ‘இந்தப் படம் உங்களுக்குச் சரியாகத் தெரிகிறதா?’ என்று இங்கிலீஷில் கேட்கிறது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு வார்த்தை. பக்கத்தில் முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எண் இறங்குகிறது. பதில் சொல்லாமல் விட்டால் பெட்டி தானே பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. அது புது மாடல் பெட்டி. இவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த பெட்டிகளில் அந்தக் கேள்வி கிடையாது. அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

"ஏங்க, அது எத்தனை தபா கேக்குது? சரியா தெரியுதான்னு கேட்டுக்கினே இருக்குது, ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்!"

இவர் அப்படியே நின்றார்.

"எங்க கேக்குது?" என்றார்.

கேட்டது என்னிடம். முகம் டிவியைப் பார்த்து இருந்தது. இல்லை, டிவியைப் பார்த்துக்கூட இல்லை. தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை ஓரத்துக்குத் தள்ளி, டிவிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வார்டில் சுகர் முற்றிப்போய் கண் போகிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். நடுவில் தெரியாது, ஓரத்தில் கொஞ்சம் தெரியும். ஆயிரம் பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். எழுத்து ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம். திரை அவருக்கு மூன்றடியில் இருக்கிறது.

எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பாடம் வாசிக்காதது, ஸ்கூட்டர், காபி, ‘உங்களுக்கு எப்படி இருந்தா நல்லாருக்குது சொல்லுங்க’. ஐயோ ஆண்டவரே, ஜெயச்சந்திரன் என்ன பாவம் செய்தார்!

செங்கம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். புருஷனுக்கு உதவி செய்கிற மாதிரி பக்கத்தில் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "முதல்லேர்ந்து பண்ணுங்க" என்று காதோடு சொன்னேன். எண்ணினார், அமுக்கினார். திரை கறுத்து வந்தது. "இப்ப கேக்குது. இல்லைன்றது மேல நிக்குது. இடது பக்கம் ஒரு தபா தள்ளுங்க. ஆ, இப்ப ஆமான்றது மேல வந்துட்சு. அமுக்குங்க."

அமுக்கினார். கட்டம் போய்விட்டது. பிறகு டிவியின் சொந்த ரிமோட்டில் கேம் மோட் என்ற ஒன்றைத் தேடச் சொன்னார். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன், இங்கே நிறுத்து என்றார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார். டிக். அமுக்கின உடனே டிக். பத்துத் தடவை அமுக்கிக் கேட்டார். "இதான்" என்றார்.

பவன்குமார் இறங்கி வந்து ஒரு ஓவர் விளையாடினான். "சூப்பர் அங்கிள்!" என்று குதித்தான். பிறகு எண்ணைப் பார்த்துவிட்டு, "எழுநூத்தி இருவதுதானா? குறைச்சிட்டீங்களே?" என்று கேட்டான்.

"உன் டிவி கண்ணாடியில இருக்கறதே எழுநூத்தி அறுவத்தெட்டு வரிதான் தம்பி. உன் பெட்டியில விளையாட்டு வரையறது எழுநூத்தி இருவதுல. நீ ஆயிரத்து எம்பதுன்னு வெச்சா, பெட்டி அதை இழுத்துப் பெருசாக்கி, ஒரு வரி வுட்டு ஒரு வரி, ரெண்டு தவணையா அனுப்பும். டிவி ரெண்டையும் சேர்த்து, மறுபடி சுருக்கி, அப்புறம் காட்டும். அதுக்குள்ள பந்து போய்டும். பெரிய நம்பருக்கு ஆசைப்பட்டா லேட்டுதான் மிச்சம். எச்டி ரெடி டிவியில இதான் நல்லது. முழு ஆயிரத்து எம்பது வரி இருக்கற டிவி வாங்கினா அப்ப மாத்திக்கோ."

"அமெரிக்காவுலகூட எனக்கு யாரும் இப்படிச் சொல்லலை" என்றான் பவன்குமார். செங்கம்மா சிரித்தபடி மகனுக்குத் தோசை வார்க்க உள்ளே ஓடினார். இவர் கதவு நிலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். அதையும் இப்போதுதான் பார்க்கிறேன்.

தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்தேன். அலிபிரியில் மலைக்கு நடந்துபோகிறவர்கள் தலையில் மூட்டையோடு கோவிந்தா கோவிந்தா என்று போய்க்கொண்டிருந்தார்கள். இவர் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக நடந்தார். நான் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"நில்லுங்க."

"நிச்சயத்துக்கு நேரமாச்சுன்னியே, வா, வா."

"தனராஜ்!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. நின்றுவிட்டார்.

"எத்தனை நாளா?"

"போன கிறிஸ்மஸ்லேர்ந்து" என்றார். "மொதல்ல எழுத்துங்க ஆடிச்சு. அப்புறம் நடுவுல ஒரு கறுப்பு. எங்க பாக்கறேனோ அங்கேயே வந்து நின்னுக்குது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். இங்கேயேதான், பிப்ரவரியில. கண்ணுல மருந்து வுட்டு ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சாங்க."

"உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்" என்றார்.

ரெண்டு மணி நேரம் இந்த மனிதர் ஓர் இடத்தில் உட்கார்ந்தார் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். தனியாக. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

"சுகர் கண்ணுல ஏறிட்சு, லேசர் வைக்கணும்னாரு. சீட்டு எழுதிக் குடுத்தாரு. மருந்து வுட்ட கண்ணு, அன்னிக்கு ஒண்ணும் படிக்க முடியலை. மறுநாள் பாத்துக்கலாம்னு பர்ஸ்ல வெச்சேன். மறுநாளும் முடியலை. யாரையாவது படிக்கச் சொன்னா ஷோரூமுக்குத் தெரிஞ்சுடும். உன்கிட்ட குடுத்தா அன்னிக்கே வேலையை வுட வெச்சுருவே. வீட்ல உக்காந்துக்கினு நான் இன்னா பண்ணுவேன் யூனிஸு? செத்துடுவேன். தீபாவளி சேல் முடியட்டும், கிறிஸ்மஸ் முடியட்டும்னு தள்ளிக்கினே வந்துட்டேன்."

பர்ஸை எடுத்துக் கொடுத்தார். சீட்டு மடித்த மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. டாக்டர் கையெழுத்து படிப்பதுதானே எங்கள் பிழைப்பு, ஒரே பார்வையில் படித்துவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் உடனே லேசர். ஒரு வாரத்துக்குள் வரவும். அவசரம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். தேதி பிப்ரவரி ஒன்பது.

"இன்னா எழுதியிருக்குது?" என்றார். "லேட்டானா பரவாயில்லைன்னு எதனா போட்டிருக்கறாரா?"

என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று சித்தூருக்கே தெரியும். எட்டு மாசம் பர்ஸிலேயே கண்ணைப் பூட்டி வைத்திருந்தாயே பாவி மனுஷா என்று கத்த நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிமிர்ந்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்தைப் பார்க்காமல், எனக்கு அடுத்த விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"லேசர் வைக்கணும்னுதான் எழுதியிருக்குது. இத்தனை நாளுக்குள்ளன்னு தேதி எதுவும் போடலை" என்றேன்.

"போடலையா?"

"போடலை. திங்கக்கெழமை வேலூர் போலாம்."

"அப்ப சரி" என்று பெருமூச்சு விட்டார். நிச்சயத்துக்குப் போகவில்லை. சித்தி மகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

வேலூரில் டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் கைப்பையில்தான் இருந்தது. இல்லை என்றேன். எத்தனை பேரிடம், ‘பழைய சீட்டு இல்லாம ஏன்மா வந்தே’ என்று எரிந்து விழுந்திருக்கிறேன்! வலது கண்ணுக்கு லேசர் வைத்துப் பார்க்கலாம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இடது கண் முடிந்துவிட்டது என்றார்.

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். நான் முன்னாடியே வந்திருந்தா, இது நின்னிருக்குமா?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொன்னேன்: "எப்ப வந்திருந்தாலும் இதேதான். இந்த மாதிரி சுகர்ல ஒண்ணும் பண்ண முடியாது. நான் எத்தனை கேஸ் பாத்திருக்கேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"நான்கூட என்னாலதான் போச்சோன்னு பயந்துட்டேன்" என்றார் இவர். வெளியே வந்ததும் பசிக்கிறது என்று சொல்லி நாலு இட்லி சாப்பிட்டார்.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, நடந்துகொண்டே, "என்னைப் பத்திதானே எழுதறே? முடிச்சதும் படிச்சுக் காட்டு" என்கிறார். காட்டுவேன். ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் படித்துக் காட்டுவேன். அந்தச் சீட்டு வருகிற இடத்தில் மட்டும், தேதி எதுவும் போடவில்லை என்றுதான் படிப்பேன்.